பொருள்: பொறியியல் மாணவர் பரிசு – மதிப்பெண் மட்டும் போதுமா?

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

மின்னியலும் கணிப்பொறியியலும் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இவ்வாண்டுப் பரிசை மதிப்பெண் வரிசைப்படியே கொடுத்துவிடலாம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அத்துறைகளில் ஒரு மாணவர் செய்த மிகப் பெரிய காரியங்களுள் ஒன்று, இறுதித் தேர்வுக்கு மாற்றாக எழுதிய கட்டுரையில் பிறந்தது.

1951-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியல் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த டேவிட் ஹஃப்மனின் வகுப்புக்கு, தேர்வு எழுதலாம் அல்லது கட்டுரை தரலாம் என்று பேராசிரியர் ராபர்ட் ஃபானோ அறிவித்தார். எழுத்துகளை 0, 1 என்ற குறிகளாக மாற்றும்போது, அடிக்கடி வருவதற்குச் சிறிய குறியீடும் அரிதாக வருவதற்கு நீண்ட குறியீடும் கொடுத்து, மொத்த நீளத்தை முடிந்த மட்டும் குறைப்பது எப்படி என்பதே கட்டுரைக்கான கேள்வி. தாமும், தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கிளாட் ஷானனும்கூட அதற்கு முழு விடை காணவில்லை என்பதை ஃபானோ மாணவர்களிடம் சொல்லவில்லை. (நல்ல வேளை!) பல மாதங்கள் போராடிய ஹஃப்மன், எல்லாவற்றையும் கைவிட்டுத் தேர்வுக்குப் படிக்கத் துணிந்த நேரத்தில்தான் வழி பிடிபட்டது. ஃபானோவின் முறை எழுத்துத் தொகுதியை மேலிருந்து ஏறக்குறைய பாதி பாதியாகப் பிரித்து வந்தது. ஹஃப்மனோ கீழிருந்து தொடங்கினார். மிக அரிதாக வரும் இரண்டு எழுத்துகளை இணைத்து, அந்த இணைப்பையும் ஓர் எழுத்தாகவே பாவித்து, மறுபடி மிக அரிதான இரண்டை இணைத்து, ஒன்றே எஞ்சும்வரை சென்றார். எழுத்துக்கு ஒரு குறியீடு என அமையும் முறைகளில் இதைவிடச் சுருக்கமானது இருக்க முடியாது என்பதையும் நிறுவினார். 1952-இல் வெளியான அம்முறை, நாம் அனுப்பிக்கொள்ளும் திருவிழாப் படங்களின் ஜேபெக் கோப்புகளில் இன்றும் வேலை செய்கிறது.

ஷானனும், மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்சுகளான ரிலேக்களின் சுற்றுகளை, உண்மை, பொய் என்ற இரு மதிப்புகளை மட்டும் கொண்ட பூலிய இயற்கணிதத்தால் விளக்கிய ஆய்வேட்டை 1937-இல், முதுகலை மாணவராக இருந்தபோதே எழுதினார்.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. (மெட்ராஸ் தொழில்நுட்பக் கழகம்) வளாகத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் இஸ்ரோவின் வழிகாட்டலில் உருவாக்கிய, 40 கிலோ எடையுள்ள அனுசாட் செயற்கைக்கோள், 2009 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. ஓரிடத்தில் செய்தியைப் பெற்றுச் சேமித்து, வேறோர் இடத்துக்கு மேலே வரும்போது இறக்கித் தருவது அதன் பணிகளுள் ஒன்று. அதில் உழைத்தவர்களுடைய மதிப்பெண்ணை இன்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே பரிசுத் தொகையில் பாதியை மதிப்பெண்ணுக்கு வைத்துக்கொண்டு, மறுபாதியை இறுதியாண்டு புராஜெக்ட்டைத் தாமே வடிவமைத்துச் செய்பவர்களுக்கு உதிரிபாகச் செலவாகக் கொடுக்கலாம். கடையில் ஆயத்தமாக விற்கும் புராஜெக்ட்டை வாங்கி ஒப்படைக்கும் வழக்கம் பரவியிருப்பதால், நம் குழுவில் இத்துறையில் பணிபுரிவோர் இருவர் மாணவரிடம் காணொளி வழியே பேசி, மின்சுற்றை அவரே விளக்கச் சொல்லிக் கேட்டபின் பணம் அனுப்புவது நல்லது. அவ்விருவருள் ஒருவராக இருக்க நான் அணியமாயிருக்கிறேன். இன்னொருவர் முன்வந்தால், விண்ணப்பப் படிவத்தைப் பொங்கலுக்குமுன் சுற்றுக்கு அனுப்பிவிடலாம்.