கால்க்கில் சராசரி தப்பாக வருகிறது, வரைபடமும் சரியில்லை: உதவி தேவை

அறிவியல் டீச்சர்:
வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பச்சைப்பயறு விதைத்து, வெயிலில் ஒரு தட்டு, நிழலில் ஒரு தட்டு என்று வைத்து நாற்றின் உயரத்தை அளந்திருக்கிறார்கள். தட்டுக்கு 20 செடி. அளந்தது 3, 5, 8, 12, 18ஆம் நாட்களில். கடைசி நாள் நிழல் தட்டுக்குக் கையால் போட்டால் சராசரி 14.2 செ.மீ., திட்ட விலக்கம் (உயரங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 2.43. லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற அட்டவணை மென்பொருளில் ஏவரேஜ் (சராசரிச் சூத்திரம்) 13.1 என்கிறது, திட்ட விலக்கமும் வேறு. கோட்டு வரைபடம் போட்டால் ‘நாள்’ என்பதே தனிக் கோடாக ஏறுகிறது. கண்காட்சி நெருங்கிவிட்டது. பிள்ளைகள் ஆசையாக அளந்தது, தப்பாகப் போய்விடக் கூடாது.

பதில் 1:
டீச்சர், முதலில் அந்த நெடுவரிசைக்கு கவுண்ட், கவுண்ட்ஏ என்ற இரண்டு சூத்திரங்களையும் போட்டுப் பாருங்கள். கவுண்ட் எண்களை மட்டும் எண்ணும். கவுண்ட்ஏ காலியில்லாத எல்லாக் கட்டத்தையும் எண்ணும். இரண்டும் வேறாக வந்தால் சில கட்டங்கள் எழுத்தாகக் கிடக்கின்றன என்று பொருள். ஏவரேஜ் அவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், பிழை என்றுகூடக் காட்டாது. கண்ட்ரோல் + எஃப்8 அழுத்தினால் எண்கள் நீலம், சூத்திரங்கள் பச்சை, எழுத்துகள் கறுப்பு.

அறிவியல் டீச்சர்:
கவுண்ட் 14, கவுண்ட்ஏ 20! ஒரு குழு மட்டும் எண்ணோடு ‘செ.மீ.’ சேர்த்து அடித்திருக்கிறது. அவர்களுடையவை உயரமான செடிகள் வேறு.

பதில் 1:
அதனால்தான் சராசரி இறங்கியிருக்கிறது. கண்ட்ரோல் + எச் போய் ‘ செ.மீ.’ என்பதை, முன்னால் உள்ள இடைவெளியோடு, காலியாக மாற்றுங்கள். அப்புறமும் கறுப்பாகவே இருந்தால் கட்டத்தின் வடிவத்தை ‘நம்பர்’ ஆக்கி, டேட்டா மெனுவில் ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ கொடுத்து ஓகே அழுத்துங்கள். அலகு தலைப்பில் இருந்தால் போதும்.

அறிவியல் டீச்சர்:
சராசரி 14.2 வந்துவிட்டது, ரொம்ப நன்றி. திட்ட விலக்கம் மட்டும் 2.49 என்று வருகிறது.

பதில் 2:
கால்க் செய்ததும் சரி, நீங்கள் செய்ததும் சரி. பத்தாம் வகுப்புப் பாடநூல் முறையில் n-ஆல், அதாவது மொத்த எண்ணிக்கையால், வகுக்கிறோம். கால்க்கின் எஸ்டிடெவ் சூத்திரம் n–1-ஆல் வகுக்கிறது, எஸ்டிடெவ்.பி சூத்திரம் n-ஆல். 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்று அடித்துப் பாருங்கள்: எஸ்டிடெவ்.பி 2 தரும், எஸ்டிடெவ் 2.14 தரும். இந்த 20 செடிகளைப் பற்றி மட்டும் பேசுவதானால் எஸ்டிடெவ்.பி. இவற்றை வைத்துப் பச்சைப்பயறு பொதுவாக எப்படி வளரும் என்று சொல்ல வந்தால் n–1தான் முறை. எதைப் போட்டீர்கள் என்று அட்டையில் எழுதிவிடுங்கள்.

வரைபடத்துக்குக் கோட்டு வகை வேண்டாம். அது 3க்கும் 5க்கும், 12க்கும் 18க்கும் ஒரே இடைவெளி விடும். வளர்ச்சி வேகமே பொய்யாகத் தெரியும். ‘எக்ஸ்ஒய் ஸ்கேட்டர்’ எடுங்கள், முதல் நெடுவரிசையான நாள் தானாகக் கிடை அச்சுக்குப் போய்விடும்.

பதில் 3:
சராசரிக் கோட்டோடு நிறுத்தாதீர்கள் டீச்சர். வெயிலுக்கு 1, நிழலுக்கு 2 என்று ஒரு நெடுவரிசை, பக்கத்தில் உயரம். ஸ்கேட்டரில் ‘பாயிண்ட்ஸ் ஒன்லி’. ஒரே உயரமுள்ளவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலொழிய, நாற்பது செடியும் நாற்பது புள்ளியாக நிற்கும். தன் செடி எது என்று ஒவ்வொரு பிள்ளையும் காட்டலாம்.

இன்னொன்று: நிழல் செடி உயரமாக இருந்தால், நிழல் நல்லது என்று எழுதிவிடப் போகிறார்கள். ஒளி போதாவிட்டால் தண்டு நீண்டு மெலியும், இலை வெளிறும். இலை அகலத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.

அறிவியல் டீச்சர்:
நிழல் தட்டில் இலை வெளிறித்தான் இருக்கிறது. நாளைக்கே அளக்கச் சொல்கிறேன். அலகு இல்லாமல், எண் மட்டும்.