மும்பை மாட்டுங்கால தாத்தா காலத்து பில்டிங், இடிக்கப் போறாங்க. இது ஆர்ட் டெகோவாமே?

கிங்சர்க்கிள்_பேரன்:
மாட்டுங்கா ஈஸ்ட்ல எங்க தாத்தா பகடிக்கு (முதல்ல மொத்தமா ஒரு தொகை குடுத்துட்டு, அப்புறம் கம்மி வாடகைல இருக்கற பழைய முறை) எடுத்த வீடு, கிரவுண்ட் பிளஸ் டூ, லிஃப்ட் கிடையாது. வாசல்ல சிமெண்ட்லயே 1938னு போட்ருக்கு. பில்டர் வந்து பேசிட்டு போயாச்சு, எல்லாரும் டவர் கனவுல இருக்காங்க. போன வாரம் கேமராவோட வந்த ஒரு பையன் அரை மணி நேரம் எங்க பால்கனியவே படம் எடுத்துட்டு, இது ஆர்ட் டெகோ சார், இடிக்க விடாதீங்கன்னு சொல்லிட்டு போனான். நான் முப்பது வருஷமா துணி காயப்போட்ட பால்கனி அது. உண்மையிலயே இதுல என்ன விசேஷம்? சட்டப்படி ஏதாவது தடை இருக்கா?

மொசைக்_பைத்தியம்:
பையன் சரியாத்தான் சொல்லிருக்கான். ஆர்ட் டெகோன்னா முப்பதுகள்ல இங்க பரவின ஒரு கட்டிட ஸ்டைல். 1896ல பம்பாய்ல பிளேக் வந்து ஜனங்க நெருக்கத்துல செத்தாங்க இல்ல, அதுக்கப்புறம் 1898ல இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்னு ஒண்ணு ஆரம்பிச்சு, ஊருக்கு வடக்கால தாதர், மாட்டுங்கா பக்கம் முதல்ல ரோடு, தோட்டம், பிளாட் எல்லாம் அளந்து போட்டுட்டு அப்புறம்தான் வீடு கட்ட விட்டாங்க, அதான் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் இன்னைக்கும் மூச்சு விட முடியுது. முப்பதுகள்ல கட்டிடம் எழும்பறப்ப ஆர்சிசி, அதாவது கம்பி போட்ட கான்கிரீட் வந்தாச்சு, தூணே இல்லாம பால்கனிய வெளிய நீட்டலாம், மூலைய வளைக்கலாம். உங்க ஜன்னல் மேல நீளமா ஓடுற சன்ஷேடு இருக்கா, அது அழகுக்கு மட்டும் இல்ல, மழைக்கும் வெயிலுக்கும். கிரில்லுல சூரிய கதிர் மாதிரி டிசைன், மாடிப்படில மொசைக், கப்பல்ல இருக்கிற மாதிரி வட்ட ஜன்னல், எது இருக்குன்னு பாருங்க.

ஒரு வேடிக்கை, கட்டின காலத்துல இதை யாரும் ஆர்ட் டெகோன்னு கூப்பிடல. 1925 பாரிஸ் கண்காட்சியோட பேர்ல இருந்து எடுத்தது, 1960கள்லதான் பரவுச்சு. அப்ப குடிவந்தவங்களுக்கு பெருமையே வேற, கக்கூஸ் வீட்டுக்குள்ள! சால்ல (வரிசையா ஒத்த ரூம் இருக்கற பழைய குடியிருப்பு) பொதுக் கக்கூஸுக்கு வரிசைல நின்னவங்களுக்கு அதுதான் மாடர்ன்.

ரெண்டாவது_மாடி_மாமி:
பேசறவா எல்லாம் படி ஏறிப் பாருங்கோ முதல்ல. நாங்களும் அதே ஏரியாதான், போன மழைல சமையல்ரூம் சீலிங் காரை பேர்ந்து அடுப்பு மேலயே விழுந்தது, நல்லவேளை நான் ஹால்ல இருந்தேன். வீட்டுக்காரர் வாங்கற வாடகைல ஒரு மூட்டை சிமெண்ட் கூட வராதுங்கறார், அவரைச் சொல்லியும் குத்தமில்லை, 1947 வாடகை சட்டத்துல உறைஞ்ச காசு அது. எனக்கு லிஃப்ட் வேணும், அவ்ளோதான்.

கம்பி_கட்டுறவன்:
மாமி சொல்றது நியாயம். 80 வருஷத்துக்கும் மேலான கான்கிரீட், உள்ள கம்பிய மூடற கான்கிரீட் கனம் கம்மியா விட்டிருப்பாங்க, உப்புக் காத்துல கம்பி துரு பிடிச்சு உப்பி காரைய தள்ளிடும். மேல பூசி பெயின்ட் அடிக்கிறது புண்ணுக்கு பவுடர் போடற கதை. ஆனா எல்லா பில்டிங்கும் செத்துப்போச்சுன்னு அர்த்தமில்ல, ஸ்ட்ரக்சுரல் ஆடிட்ட (பில்டிங் எவ்ளோ பலமா இருக்குன்னு செக் பண்றது) நீங்களே தனியா ஒரு இன்ஜினியர வெச்சு பண்ணுங்க, பில்டர் கூட்டிட்டு வர்ற ஆளை நம்பாதீங்க. எங்க சித்தப்பா பில்டிங்ல அப்படித்தான் டேஞ்சர்னு எழுதி வாங்கினாங்க, ரெண்டாவது ஆள் வந்து ரிப்பேர் பண்ணலாம்னாரு.

தடை விஷயம்: 2018ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமா எடுத்துக்கிட்டது ஓவல் மைதானம், மரைன் டிரைவ் பக்கம் மட்டும், மாட்டுங்கா அதுல இல்ல. உங்களுது 1940 செப்டம்பருக்கு முன்னாடி கட்டினதுன்னா செஸ் பில்டிங்ல (ரிப்பேருக்குன்னு தனி வரி கட்டற பழைய பில்டிங்) ஏ கேட்டகிரி, மாடாவோட (MHADA, மாநில அரசு வீட்டு வசதி வாரியம்) ரிப்பேர் போர்டு கணக்குல வரும். மும்பை கார்ப்பரேஷன் ஹெரிடேஜ் லிஸ்ட்ல பேர் இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க, இல்லேன்னா வாடகைதாரங்க சம்மதம் போதுமான அளவு கிடைச்சதும் வேலை நகந்துடும்.

மொசைக்_பைத்தியம்:
இடிக்கிறதுன்னே முடிவானாலும் ஒண்ணு பண்ணுங்க. கிரில், கதவு, வாசல் பேர் எழுத்து, இதெல்லாம் யாருக்குன்னு அக்ரிமென்ட்லயே எழுதிடுங்க. எழுதலேன்னா இடிக்கிற கான்ட்ராக்டர் பழைய இரும்பு விலைக்கு தூக்கிட்டு போயிடுவான். அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் அளந்து படம் எடுங்க, மாடிப்படி வளைவ மறக்காம.

கிங்சர்க்கிள்_பேரன்:
நன்றி எல்லாருக்கும். இன்னைக்கு போய் பாத்தேன், கிரில்லுல கதிர் இருக்கு, இத்தன நாள் அதை விசிறின்னு நினைச்சிருந்தேன். வட்ட ஜன்னல் மாடிப்படில இருந்துதாம், யாரோ ஏசி பைப் விடறதுக்கு அடைச்சிருக்காங்க. அம்மாகிட்ட கேட்டா லிஃப்ட் வரட்டும்டா முதல்லன்னுட்டாங்க. ஆடிட்டுக்கு ஆள் சொல்லிருக்கேன்.