பீட்டரின் சட்டைப் பையில் இருந்த பனி உருண்டை

நியூஜெர்சியிலிருந்து ஓர் அம்மா:
எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'தி ஸ்னோயி டே' படக்கதையை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? கதை என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை. பீட்டர் எழுகிறான். சிவப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு பனியில் இறங்குகிறான். கால்விரல்களை வெளிப்பக்கம் திருப்பி நடக்கிறான், பிறகு உட்பக்கம் திருப்பி நடக்கிறான், குச்சியால் கோடு இழுக்கிறான். நாளைக்கு வேண்டுமென்று ஒரு பனி உருண்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறான். தூங்கப் போகும் முன் துழாவிப் பார்த்தால் பை காலி. அந்தப் பக்கம் வந்ததும் என் மூன்று வயது மகள் என் வாயைப் பொத்திவிடுகிறாள். நான் "உருகிவிட்டது" என்று சொல்லிவிடுவேனோ என்று அவளுக்குப் பயம்.

டொராண்டோவிலிருந்து ஆசிரியை ஒருவர்:
பொத்தட்டும், விடுங்கள்! கீட்ஸும் அந்த இடத்தில் விளக்கம் சொல்வதில்லை. பீட்டருக்கு மிகவும் வருத்தமாக இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். ஈரக் காலுறையைக் கழற்றும் அம்மாவும் அறிவியல் பாடம் எடுப்பதில்லை. என் வகுப்பில் இந்தப் பக்கத்தில் பெரிய வழக்கே நடக்கும். உருண்டை வழியில் விழுந்துவிட்டது என்பான் ஒருவன். அம்மாதான் எடுத்து எறிந்துவிட்டாள் என்பாள் இன்னொருத்தி. விடை அடுத்து வரும் கனவில் இருக்கிறது. சூரியன் எல்லாப் பனியையும் உருக்கிவிட்டதாகப் பீட்டர் கனவு காண்கிறான். எழுந்து பார்த்தால் புதுப்பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வேலை பிள்ளைகளுடையது. பெரியவர்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அந்தப் பக்கமே வீண்.

புரூக்ளினிலிருந்து ஓவியர் ஒருவர்:
நான் படங்களுக்காகவே அந்தப் புத்தகத்தைப் புரட்டுபவன். கீட்ஸ் புரூக்ளினில் பிறந்தவர். போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பம். அதுவரை பிறர் கதைகளுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தவர், தனியாக எழுதி வரைந்த முதல் புத்தகம் இது. வெட்டி ஒட்டிய காகிதங்கள்தான் பெரும்பகுதி. அம்மாவின் கட்டம் போட்ட உடை, அலமாரித் தட்டில் விரிக்கும் எண்ணெய்த்துணி. இரவுக் காட்சியின் சாம்பல் பின்னணி, பல் துலக்கும் பிரஷ்ஷால் இந்திய மையைத் தெளித்து வந்தது. இங்கே பிராஸ்பெக்ட் பூங்காவில் பீட்டருக்கும் அவன் நாய் வில்லிக்கும் சிலை இருக்கிறது.

சிகாகோவிலிருந்து நூலகத் தன்னார்வலர்:
பனியைப் பற்றியே பேசுகிறோம், பையனைப் பற்றிப் பேச வேண்டாமா? 1962-இல் ஒரு கறுப்பினச் சிறுவனைப் படக்கதையின் நாயகனாக்கியது சாதாரணக் காரியம் அல்ல. 1940-இல் லைஃப் இதழில் வந்த ஒரு சிறுவனின் படங்களைக் கத்தரித்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தார் கீட்ஸ். அந்த முகம்தான் பீட்டர். 1963-இல், அமெரிக்காவில் சிறந்த குழந்தைப் படக்கதைக்குத் தரும் கால்டெகாட் பதக்கம் கிடைத்தது. 1965-இல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர், அம்மாவைச் சித்தரித்த விதத்தையும், பீட்டரின் நிறத்தை எழுத்தில் சொல்லாததையும் குறை கூறினார். முதல் குறையில் கொஞ்சம் நியாயம் உண்டு. இரண்டாவதை நான் ஏற்கவில்லை. கண்முன்னே படமாக நிற்பதை எழுத்தில் வேறு சொல்ல வேண்டுமா? தன் வகுப்புப் பிள்ளைகள் முதன்முறையாகப் பழுப்பு வண்ணக்கட்டியால் தங்களை வரைகிறார்கள் என்று ஓர் ஆசிரியை கீட்ஸுக்கு எழுதினாராம். நியூயார்க் பொது நூலகம் 2020-இல் வெளியிட்ட பட்டியலில், அதன் வரலாற்றிலேயே அதிகம் இரவல் போன புத்தகம் இதுதான்: 4,85,583 முறை.

நியூஜெர்சி அம்மா:
நன்றி. இனி அந்தப் பக்கத்தில் வாயைத் திறக்க மாட்டேன். அடுத்து எதை வாங்கலாம்?

டொராண்டோ ஆசிரியை:
'பீட்டர்ஸ் சேர்'. தங்கை பிறந்ததும் தன் தொட்டிலுக்கெல்லாம் அப்பா இளஞ்சிவப்பு பூசுவதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறான். வீட்டில் இரண்டாவது குழந்தை வரப்போகிறது என்றால் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.