மகன் ஊர்ல ஸ்னோமொபைல்: பழைய சேசிஸா, புது சேசிஸா?

கொண்டலாம்பட்டி பட்டறை:

வணக்கம். ஆர்எக்ஸ் 100 பைக் கார்புரேட்டருக்கு என்ன ஜெட் போடறது, லேலண்டு லாரிக்கு எந்த ஸ்பிரிங் பட்டை தாங்கும்னு பேசற இடத்துல பனியில ஓடற வண்டியைப் பத்திக் கேக்கறேன். சிரிக்கறவங்க சிரிச்சு முடிச்சுட்டு பதில் சொல்லுங்க.

31 வருஷமா லாரி பாடி கட்டறேன். பைபாஸ் ஓரம் பட்டறை. பையன் அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல தீஃப் ரிவர் ஃபால்ஸ்ங்கற சின்ன ஊர்ல வேலைக்குப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. எலெக்ட்ரானிக் சாமான் கம்பெனி. அதே ஊர்லதான் ஆர்க்டிக் கேட் ஸ்னோமொபைல் கம்பெனியும் இருக்கு. நம்ம சேலத்துக்கு ஸ்டீல் பிளான்ட் மாதிரி அந்த ஊருக்கு அது. கூட வேலை பாக்கறவங்க எல்லாம் சனிக்கிழமையானா பனியில சுத்தறாங்க, எனக்கும் ஒண்ணு வேணும்பாங்கறான். வாங்கறது அவன் காசு. ஆனா சேசிஸ்னு ஒரு வார்த்தை வந்துட்டா என்னைக் கேக்காம வாங்க மாட்டான், அது வரைக்கும் சந்தோஷம்.

பாக்காதவங்களுக்குச் சொல்றேன். முன்னாடி ரெண்டு ஸ்கீ, பின்னாடி அகலமா ஒரே ஒரு ரப்பர் டிராக். கியர் இல்ல, ஸ்கூட்டி மாதிரி பெல்ட்டும் வேரியேட்டரும். பாதிக்கு மேல டூ ஸ்ட்ரோக். ரிவர்ஸ் எடுக்க பல டூ ஸ்ட்ரோக் வண்டில இன்ஜினையே நிக்கப் போற நேரத்துல தீப்பொறியை மாத்திக் கொடுத்து எதிர்ப்பக்கமா சுத்த விடறான். வீடியோ பாத்துட்டு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. சேசிஸ்னா லாரி மாதிரி ரெண்டு நீள பிரேம் கிடையாது. அலுமினியத் தகட்டை மடிச்சுக் கவுத்து வெச்ச தொட்டி, அதுக்கு டனல்னு பேரு. அதுக்குள்ள டிராக் ஓடும், மேல சீட்டு. முன்பக்கம் இன்ஜினையும் ஸ்கீயையும் தாங்க ஒரு கூடு. முக்காவாசி ரிவிட்டு வேலை.

இப்ப விஷயம். டீலர் ரெண்டு வண்டி காட்டறார். ஒண்ணு பழைய ப்ரோகிராஸ் சேசிஸ், 800 சிசி இன்ஜின், ஷெட்லயே நின்ன புது வண்டி. இன்னொண்ணு கேட்டலிஸ்ட்ங்கற புது சேசிஸ், 600 இன்ஜின். புதுசு மூவாயிரம் டாலர் அதிகம்.

ப்ரோகிராஸ் 2012 மாடல்ல வந்தது, பன்னண்டு வருஷத்துக்கு மேல ஓடிருக்கு. 2014-ல இருந்து யமஹாவும் அதே சேசிஸ்ல தன் இன்ஜினைப் போட்டு தன் பேர்ல வித்துச்சு. கேட்டலிஸ்ட் 2024 மாடல்லதான் வந்தது. வந்த சூட்டுலயே, 2024 டிசம்பர்ல, அப்ப முதலாளியா இருந்த டெக்ஸ்ட்ரான் உற்பத்தியை நிறுத்தப் போறோம்னு அறிவிச்சுட்டாங்க. 2025 ஏப்ரல்ல ஒரு முதலீட்டாளர் குழு வாங்கிச்சு. அதாவது குழந்தை பொறந்து தொட்டில்ல போட்டதும் வீடு கை மாறிடுச்சு.

2020-ல பிஎஸ்4 புகை விதி போயி பிஎஸ்6 வந்தப்ப இதே மாதிரி ஒரு சிக்கல்ல நான் மாட்டினேன். பழைய சேசிஸ் சல்லிசா கிடைக்குதுன்னு ஒரு பார்ட்டி நாலு வாங்கி நிறுத்தினார். எனக்கு அளவு எல்லாம் கை மனப்பாடம், மளமளன்னு கட்டிக் கொடுத்தேன். பிஎஸ்6 வந்ததும் பிரேம் ஓரத்துல புகையைச் சுத்தம் பண்ற ஆட்புளூ திரவத்துக்கு ஒரு டேங்க், அந்தப் பக்கம் சைலன்சர் பெட்டின்னு தொங்க விட்டுட்டான். பக்கப் பெட்டி, டூல் பாக்ஸ் எல்லாம் இடம் மாத்தி, முதல் மூணு வண்டில நஷ்டம். ஆனா இன்னிக்கு அந்த பிஎஸ்4 வண்டிக்காரர் நிலைமையையும் பாக்கறேன். விக்கப் போனா விலை கேக்க ஆளில்ல.

அதனாலதான் கேக்கறேன். பையனுக்கு எதைச் சொல்ல?

நாலுரோடு நக்கல்:

அண்ணா, ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனாலும் நமக்குக் கிடைக்கற பனி கண்ணாடில வைப்பர் போடற பனிதான். பையன்கிட்ட சொல்லி பழைய ஸ்கீ ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க, படகுத்துறை பக்கம் வெச்சு போட்டோ எடுக்க 50 ரூபா வாங்கலாம்.

ஓமலூர் டு மினசோட்டா:

அண்ணா, நான் செயின்ட் பால் பக்கம் 14 வருஷமா இருக்கேன். இது மூணாவது வண்டி. நேரா சொல்லிடறேன், கேட்டலிஸ்ட்.

மத்த ரெண்டு பெரிய கம்பெனியும் என்ன பண்றாங்கன்னு பாருங்க. ஸ்கி-டூ 2003-ல ரெவ்னு ஒரு சேசிஸ் கொண்டு வந்தான். அது வரைக்கும் பின்னாடி சாஞ்சு உக்காந்து ஓட்டிட்டு இருந்தவனை முன்னாடி இழுத்து, முட்டியை மடிச்சு உக்கார வெச்சுட்டான். அதுக்கப்புறம் எல்லாருமே அந்தப் பக்கம் போயாச்சு. அந்த ரெவ் வம்சத்தைத்தான் இன்னி வரைக்கும் தலைமுறை தலைமுறையா மாத்திட்டு வர்றான். 2017-ல நாலாவது, 2023-ல அஞ்சாவது. போலாரிஸ் 2021-ல மேட்ரிக்ஸ் கொண்டு வந்தப்ப முதல்ல சமவெளிப் பனிப்பாதையில ஓடற டிரெயில் வண்டிக்குக் கொடுத்தான், மலை வண்டிக்கு அடுத்த வருஷம். ஒரே கூடு, டிராக் நீளம்தான் வேற. சமவெளிக்கு 129, 137 இஞ்சு. ஆழப் பனி மலைக்கு 154, 165. நீங்க ஒரே லேலண்டு சேசிஸ்ல டேங்கரும் கட்டுவீங்க, தேங்கா லோடு பாடியும் கட்டுவீங்க இல்ல, அதேதான்.

ஆர்க்டிக் கேட் ஒரு வேலை தலைகீழா பண்ணான். பொதுவா புது சேசிஸ்னா பெரிய இன்ஜினைப் போட்டு மார்க்கெட்ல அலற விடுவாங்க. இவன் கேட்டலிஸ்டை 600-லதான் ஆரம்பிச்சான். 858 இன்ஜின் அடுத்த வருஷம்தான் அதுல வந்தது. எனக்கு இது பிடிச்சிருந்தது. எடை கம்மியா, எல்லா கனமும் நடுவுல சேர்ற மாதிரி சேசிஸைப் போட்டுட்டு, அதுல 150, 160 குதிரையைக் கட்டி முதல் நாளே உடைக்கறதுல என்ன இருக்கு? டிராக்கைச் சுத்த விடற செயின் பெட்டியை (செயின்கேஸ்) எடுத்துட்டு பெல்ட் டிரைவ் போட்டிருக்கான், ஆயில் மாத்தற வேலை கூட மிச்சம்.

ஷெட்ல வண்டி ஏன் நிக்குதுன்னா, 2023-24 குளிர்காலம் மினசோட்டாவுல பதிவானதுலயே ரொம்ப வெதுவெதுப்பானது. பனியே இல்ல. இங்க 22,000 மைலுக்கு மேல டிரெயில் இருக்கு, அந்த வருஷம் பாதி நாள் புல்லு முளைச்சுக் கிடந்தது. டீலர்கிட்ட தேங்கினது அப்பதான். அதனால வண்டில குறைன்னு நினைச்சுடாதீங்க.

இன்னொண்ணு. 1976-க்கு அப்புறம் பொறந்தவங்க இந்த மாநிலத்துல ஸ்னோமொபைல் ஓட்ட பாதுகாப்புப் பயிற்சி சான்றிதழ் வாங்கணும். தம்பிகிட்ட முதல்ல அதை முடிக்கச் சொல்லுங்க. வண்டி அப்புறம்.

ஏற்காடு ஹவில்தார்:

தம்பி, நான் ராணுவத்துல 22 வருஷம். இப்ப நாகலூர் பக்கம் மூணு ஏக்கர் காப்பி, கொஞ்சம் மிளகு. வடக்க பனிமலையில ஸ்னோ ஸ்கூட்டர் ஓட்டிருக்கேன். ஓட்டினதை விட தள்ளினது அதிகம்.

சேசிஸ் பேரெல்லாம் எனக்குத் தெரியாது. நாங்க உடைச்சது ரெண்டே சாமான். ஒண்ணு பெல்ட்டு. அது சூடாகி நூல் நூலா பிரிஞ்சு வேரியேட்டருக்குள்ள சுத்திக்கும், கையுறையைக் கழட்டாம அதைப் பிடுங்க முடியாது, கழட்டினா விரல் போயிடும். ரெண்டாவது, முன் ஸ்கீயைப் பிடிக்கற கை. பனிக்கு அடியில பாறை இருக்கறது யாருக்குத் தெரியும்? இந்த ரெண்டும் அந்த ஊர்க் கடையில உடனே கிடைக்குதான்னு கேக்கச் சொல்லு. கிடைக்கற வண்டியை வாங்கட்டும்.

உயரம் ஏற ஏற இன்ஜின் மூச்சு வாங்கும். ஆயிரம் அடிக்கு சுமார் 3 சதவீதம் போயிடும். காஷ்மீர்ல குல்மார்க் மாதிரி இடத்துல கால் பங்கு குதிரை காணாம போயிரும். உன் பையன் ஊர் சமவெளின்னா 600 தாராளம். சின்னப் பையனுக்கு 800 எதுக்கு?

ஓசூர் கேட்காரன்:

சூரமங்கலம்தான் சொந்த ஊர், ஓசூர்ல டூவீலர் டிசைன்ல இருக்கேன். ஓமலூர் அண்ணா சொன்னதுல பாதிக்கு ஒத்துப் போறேன்.

புது முதலாளிக்கு வேற வழியே இல்ல. ஒரு சேசிஸ் புதுசா போட அச்சு, டை, சோதனை ஓட்டம்னு போற காசை, மொத்தமே சின்ன மார்க்கெட்ல, அதுவும் பனி விழுந்தாதான் விக்கும்ங்கற மார்க்கெட்ல, ரெண்டு வருஷத்துல எடுக்க முடியாது. டெக்ஸ்ட்ரான் செலவு பண்ணி முடிச்ச கேட்டலிஸ்ட் அவங்க கையில ரெடியா இருக்கு. அடுத்த எட்டு பத்து வருஷத்துக்கு அதைத்தான் இழுப்பாங்க, கலரும் ஷாக் அப்சார்பரும் மாத்தி மாத்தி. நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணுவேன். ஆர்க்டிக் கேட்டுக்கு பெரிய ஃபோர் ஸ்ட்ரோக் டர்போ இன்ஜின் யமஹாகிட்ட இருந்து வந்தது. யமஹா 2025 மாடலோட அமெரிக்காவுல ஸ்னோமொபைலையே முடிச்சுக்கிச்சு. அந்த இன்ஜினுக்காக உயிரோட இருந்த ப்ரோகிராஸும் அதோட தேவை முடிஞ்சது.

ஆனா 'கம்பெனி உயிரோட இருந்தா' அப்படிங்கற வார்த்தை இதுல ஒளிஞ்சிருக்கு. இல்லாம போச்சுன்னா? டனல் கிழிஞ்சா நீங்களே தட்டி ரிவிட் அடிச்சுடுவீங்க. இன்ஜினை ஆட்டி வைக்கற கம்ப்யூட்டர், ஈசியூ, போனா யாரு அடிப்பா? வயரிங் செட், மீட்டர், ஆயில் பம்ப் கன்ட்ரோல் இதெல்லாம் பட்டறையில செய்ய முடியாது.

கொண்டலாம்பட்டி பட்டறை:

எல்லாருக்கும் நன்றி. கேட்காரன் தம்பி சொன்னது ரெண்டு நாளா தலையில ஓடிட்டே இருக்கு.

ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-ல நின்னுடுச்சு. இன்னிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனா பிஸ்டன் கிட்டு, கிளட்ச் பிளேட்டு, டேங்கு ஸ்டிக்கர் வரைக்கும் கிடைக்கும். ராஜ்தூத் 350-ஐ எடுங்க. அதுவும் யமஹா டிசைன்தான், ஆனா விலையும் ஜாஸ்தி, பெட்ரோலும் குடிக்கும், வித்தது கொஞ்சம். என் மச்சான் ஒரு சாமானுக்கு ஏழு மாசம் அலைஞ்சார். சாமான் வர்றது கம்பெனி மூச்சு விடறதைப் பொறுத்து இல்ல, ரோட்ல எத்தனை வண்டி கிடக்குதுங்கறதைப் பொறுத்துதான். அந்தக் கணக்குல ப்ரோகிராஸ்தான் ஆர்எக்ஸ் 100. ரெண்டு பேர்ல, பன்னண்டு வருஷத்துக்கு மேல, அந்த ஊர் பழைய இரும்புக் கடை பூரா கிடக்கும். கேட்டலிஸ்ட் ரெண்டு மூணு சீசன் வண்டி.

கம்பெனி நின்னா ப்ரோகிராஸ், நடந்தா கேட்டலிஸ்ட். நான் குதிரைப் பந்தயம் ஆடறவன் இல்லீங்க.

ஓமலூர் டு மினசோட்டா:

அண்ணா, அந்தக் கம்பெனி ஏற்கனவே ஒரு தடவை செத்துப் பொழைச்சது. 1981-ல திவால். கொஞ்ச வருஷத்துல பழைய ஆளுங்களே சேந்து திரும்ப ஆரம்பிச்சு 1984 மாடலை அதே ஊர்ல இறக்கினாங்க. ஆரம்பிச்ச கதையே அப்படித்தான். எட்கர் ஹெட்டீன்ங்கறவர் முதல்ல ரோசோவுல போலாரிஸை ஆரம்பிச்சவர்ல ஒருத்தர், அங்க இருந்து வெளிய வந்து 1960-ல தீஃப் ரிவர் ஃபால்ஸ்ல இதை ஆரம்பிச்சார். ரெண்டு ஊருக்கும் நடுவுல நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். அந்த ஊர்ல வீட்டுக்கு ஒருத்தர் அங்க வேலை பாத்தவங்களா இருப்பாங்க. தம்பிக்கு மெக்கானிக் பஞ்சம் வராது.

ஏற்காடு ஹவில்தார்:

பெல்ட்டு கிடைக்குதான்னு கேட்டியா இல்லியா?

கொண்டலாம்பட்டி பட்டறை:

கேட்டாச்சுங்க ஐயா. ரெண்டுக்கும் பெல்ட்டு கடையில இருக்காம். ஸ்கீ கை, ப்ரோகிராஸுக்கு பழசு புதுசு ரெண்டும் கிடைக்குது. கேட்டலிஸ்டுக்கு சொல்லி வெச்சா வரும்கறாங்க.

பையன் மனசு கேட்டலிஸ்ட்ல நிக்குது. சரி, வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு வண்டிக்கும் கீழ படுத்து டனல் ஓரம் ரிவிட்டு வரிசை, முன் கூடு சேர்ற இடம், ரெண்டையும் போட்டோ எடுத்து அனுப்புடான்னேன். பாத்தா எனக்குத் தெரிஞ்சுடும், எவன் அவசரத்துல அடிச்சான், எவன் அளந்து அடிச்சான்னு. ராத்திரி மெசேஜ் வந்திருக்கு: "அப்பா, இங்க மைனஸ் 28. டீலர் யார்டுல கீழ படுத்தா என்னையும் சேத்துதான் ரிவிட் அடிக்கணும். ஞாயித்துக்கிழமை உள்ள ஷெட்டுக்கு எடுத்துட்டு வர்றேன்னு சொல்லிருக்கார்."

ஞாயித்துக்கிழமை போட்டோ வந்ததும் இங்க போடறேன்.