கழுத்துத் தண்டுவட ஆபரேஷனுக்கு முன்னாடி குடுக்குற பயிற்சிக்கு என்ன பேர்? திங்கக்கிழமைக்குள்ள வேணும்

கோத்தகிரி, பிசியோதெரபிஸ்ட்:

எல்லாருக்கும் வணக்கம். கழுத்தெலும்பு தேய்ஞ்சு உள்ள தண்டுவடம் நெருக்குப்பட்டு ஆபரேஷனுக்குப் போறவங்களுக்குன்னு நாலு பக்கத்துல ஒரு கைப்பிரதி போடுறோம், திங்க காலைல ஊட்டி பிரஸ்ஸுக்குப் போயாகணும். ரெண்டு வார்த்தையில மாட்டிக்கிட்டேன். ஒண்ணு ரீஹேபிலிட்டேஷன், அதாவது பாதிச்ச கை காலைப் பயிற்சியால திரும்பப் பழக்குறது, இன்னொண்ணு ப்ரீஹேபிலிட்டேஷன், அதாவது கத்தி வைக்கிறதுக்கு முன்னாடியே மூச்சுப் பயிற்சி, தொடைக்கு வலு, ஒருக்களிச்சுப் புரண்டு எந்திரிக்கிறது எல்லாம் பழக்கி விடுறது. முதலாவதுக்கு எல்லா அகராதியும் மறுவாழ்வுங்குது, ரெண்டாவதுக்கு ஒண்ணுமே காணோம்.

மறுவாழ்வு ஏன் ஆகலைன்னு சொல்லிடுறேன். போன வாரம் ஒரு அம்மா வந்தாங்க, கொழுந்து பறிக்கிறவங்க. கிள்ளுறதெல்லாம் கிள்ளுறாங்க, ஆனா உள்ளங்கையில சேர்த்த கொழுந்து அவங்களுக்கே தெரியாம விரலிடுக்குல வழிஞ்சு கீழ விழுதாம். ஸ்வெட்டர் பட்டனை மருமக தான் போட்டு விடுறா. 10 செகண்டுல எத்தனை தடவ கைய மூடித் திறக்கிறாங்கன்னு எண்ணினேன், குறைஞ்சது 20 வரணும், 11-தான் வந்துச்சு. "உங்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி குடுக்கணும்மா"ன்னேன். "அது சிலோன்ல இருந்து வந்தப்பவே எங்கப்பாவுக்குக் குடுத்துட்டாங்களே கண்ணு"ன்னாங்க. எனக்கு அதுக்கு மேல பேச்சு வரல.

கூடலூர்:

அக்கா, அந்தம்மா சொன்னது தான் சரி. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து வந்த குடும்பங்களுக்காக 1968-ல அரசாங்கம் ஆரம்பிச்சது தான் இங்க டான்டீங்கிற அரசுத் தேயிலைத் தோட்டமெல்லாம். எங்க வீட்டுல மறுவாழ்வுன்னா லைன் வீடும் ரேஷன் கார்டும், அது உடம்பு சம்பந்தப்பட்ட சொல்லே இல்ல. 2021-ல அகதி முகாமுக்கும் மறுவாழ்வு முகாம்னு பேர் மாத்தினாங்க. கீழ இறங்கினா குடியை நிறுத்துற இடத்துக்கும் அதே பேர். ஒரு சொல்லு எத்தனை சுமையைத் தூக்கும்? வேற பாருங்க.

குன்னூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நல்ல கேள்வி அம்மா. சொல் நம்ம வாயிலயே இருக்கு, தேடத்தான் வேண்டாம். காய்ச்சல்ல கிடந்து எழுந்தவனை என்ன சொல்றோம், "உடம்பு தேறிடுச்சு". தானா நடந்தா தேறு, இன்னொருத்தர் செஞ்சா தேற்று. ஆறு ஆற்று, மாறு மாற்று மாதிரி. கலங்கின தண்ணிப் பானையில தேற்றாங்கொட்டையை உரசி வைக்கிறாங்களே, மண்டி கீழ படிஞ்சு தண்ணி தெளியுதே, அதே தேற்று தான். கலித்தொகையிலயே ஒருத்தி மனசு தெளிஞ்சதுக்கு இந்தத் தேற்றின தண்ணியைத்தான் உவமை சொல்லுது. ஆகவே தேற்றுப்பயிற்சி, முன்தேற்று, பின்தேற்று. மருமகள் பட்டன் போடுறான்னு எழுதினீங்களே, வள்ளுவர் 950-வது குறள்ல நோயாளி, மருத்துவன், மருந்து இதோட நாலாவதா உழைச்செல்வானை, அதாவது பக்கத்துல இருந்து பார்த்துக்கிறவரை வைக்கிறாரே, அவ தான் அது. அவளுக்கும் கைப்பிரதியில ஒரு பக்கம் ஒதுக்குங்க.

பெங்களூர் (சொந்த ஊர் அருவங்காடு):

ஐயா, வினைத்தொகைன்னா "தேற்று பயிற்சி", நடுவுல ப் ஒற்று வராது. முதனிலைத் தொழிற்பெயர்னா வன்றொடர்க் குற்றியலுகரம், ஒற்று வரும். எது? அப்புறம் முன் + தேற்று நன்னூல்படி முன்றேற்று ஆகணும், பொன் + தீது பொன்றீது ஆன மாதிரி.

குன்னூர்:

தொழிற்பெயர் தான், ஒற்று வேணும். முன்றேற்று இலக்கணப்படி சரி, எனக்கு அதுல தயக்கமே இல்ல.

கூடலூர்:

ஐயா, மன்னிக்கணும், முன்றேற்றுன்னு போட்டா எங்க பக்கம் ஒருத்தர் கூட படிக்க மாட்டாங்க. முன்தேற்றுன்னு போட்டாலும் வேகமா படிக்கிறப்ப முன்னேற்றுன்னு தான் கண்ணுக்குத் தெரியுது. கோத்தகிரில படிக்கப் போறவங்கள்ல பாதிப்பேர் வீட்டுல படுகு பேசுறவங்க, தமிழ் அவங்களுக்குப் பள்ளிக்கூடத்துல வந்தது. பேசாம "ஆபரேஷனுக்கு முன் பயிற்சி"ன்னு போடுங்க அக்கா.

பெங்களூர்:

அது விளக்கம், கலைச்சொல் இல்ல. விளக்கமே போதும்னா தண்டுவடம்ங்கிற சொல்லே வந்திருக்காது. தண்டும் வடமும் சேர்ந்து எவ்வளவு அழகா நிக்குது, தேர் வடம் மாதிரி. நோய்க்கே ஒரு பேர் வேணும், "கழுத்துத் தண்டுவட நெரிவு" எப்படி? இங்கிலீஷ்லயே ஆளுக்கொரு பேர் வச்சிருந்து 2015 வாக்குல தான் ஒரு பொதுப்பேருக்கு வர ஆரம்பிச்சாங்க.

கோத்தகிரி:

நெரிவு மட்டும் வேண்டாம் தம்பி. கழுத்தையும் நெரிக்கிறதையும் பக்கத்துப் பக்கத்துல போட்டா அந்தம்மா கைப்பிரதியை அங்கேயே வச்சுட்டுப் போயிடுவாங்க. "கழுத்துத் தண்டுவட அழுத்தம்"னு போடுறேன். தேய்மானம் ஏற்கெனவே ஊர்ல எல்லாருக்கும் தெரியும், அதை மாத்தல.

ஐயா, தேற்று எனக்கு ரொம்பப் பிடிச்சது. ராத்திரி பூரா அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஆனா ஒரு பயம் இருக்கு. இந்த ஆபரேஷன் முக்கியமா செய்யிறது மேல மேல மோசமாகாம நிறுத்துறது. நிறைய பேருக்குக் கையும் நடையும் கொஞ்சம் திரும்புது, அதுல பெரும்பகுதி முதல் ஆறு மாசம், ஒரு வருஷத்துக்குள்ள, ஆனா ரொம்ப நாள் அழுத்தத்துல கிடந்த வடம் முழுசா பழைய மாதிரி வர்றதில்ல. தேற்றுன்னு பேர் வச்சுட்டு, பட்டன் போட வரலைன்னா "நான் தேறலையே"ன்னு தன்னையே நொந்துக்குவாங்க. ஊர்ப்பேச்சுல "இது தேறாது"ன்னா கை விட்டாச்சுன்னு தானே அர்த்தம்? பேர் நோயாளிக்கு வாக்குக் குடுக்கக் கூடாதுன்னு நினைக்கிறேன்.

குன்னூர்:

அம்மா, தேறுறதுக்கு அளவு உண்டு. நூத்துக்கு நாப்பது வாங்கினவனும் தேறினவன் தான். பழைய நிலைக்கு முழுசா வரணும்னு அந்தச் சொல்லுல எங்கேயும் இல்ல.

கூடலூர்:

நாப்பது வாங்கினவனை இப்ப யாருய்யா தேறினவன்ங்கிறா. இவங்களுக்கும் மார்க் போடுறாங்களாமே அக்கா?

கோத்தகிரி:

ஆமா, கையும் நடையும் எப்படி இருக்குன்னு பார்த்து 18-க்கு. 15-ல இருந்து 17 லேசு, 12-ல இருந்து 14 நடுத்தரம், 11-ம் அதுக்குக் கீழயும் கடுமை. நடுத்தரமும் கடுமையும்னா ஆபரேஷன்னு தான் இந்த நோய்க்கான 2017 மருத்துவ வழிகாட்டுதல் சொல்லுது, லேசா இருக்கிறவங்க மேற்பார்வையில பயிற்சி மட்டும் செஞ்சும் பார்க்கலாம், சரியா வரலைன்னா ஆபரேஷன். அப்போ அவங்களுக்கு "ஆபரேஷனுக்கு முன்"னே சொல்ல முடியாது பாருங்க, ஆபரேஷனே இல்லாம போகலாம். இதை நான் முதல்ல யோசிக்கல.

நேரமாச்சு, முடிச்சதைச் சொல்றேன். நாலு பேர் தனி மெயில்லயும் எளிமையா போடுன்னு எழுதினாங்க. அட்டையில "கழுத்துத் தண்டுவட அழுத்தம்: பயிற்சி". உள்ள "ஆபரேஷன் இல்லாம", "ஆபரேஷனுக்கு முன்", "ஆபரேஷனுக்குப் பின்"னு மூணு தலைப்பு. நாலாவது பக்கம் ஐயா சொன்ன மாதிரி வீட்டுல பார்த்துக்கிறவங்களுக்கு. அதுல முதல் வரியே, முடிவெட்டுற கடையில கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்க விடாதீங்க.

குன்னூர்:

அச்சுக்குப் போகட்டும். தேற்றுப்பயிற்சியை அடுத்த பதிப்பு வரை நான் விடப்போறதில்ல. "மேற்பார்வையில்" இடையில ற் விட்டுப்போகாம பார்த்துக்கோங்க, மூணாவது பக்க நகல்ல விட்டிருக்கு.