கலைச்சொல் விவாதம்: ‘அறைப்படுத்தல்’ வேண்டாம், ‘வரம்புகட்டல்’ பொருந்துமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

மரங்களின் காயமும் நோயும் பற்றிய சொற்பட்டியலில், ‘கம்பார்ட்மென்டலைசேஷன்’ (மரம் தன் கெட்ட பகுதியைச் சுற்றி அடைத்து ஒதுக்குவது) என்பதற்கு நண்பர் ஒருவர் ‘அறைப்படுத்தல்’ என்று முன்வைத்ததையும், பலர் அதை ஏற்றுக்கொண்டதையும் படித்தேன். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. காரணத்தைச் சற்று நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

பெங்களூரில் நாங்கள் வசிக்கும் குடியிருப்பில் தூங்குமூஞ்சி, குல்மொகர், புங்கம் என்று வயதான மரங்கள் பல நிற்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள். ஒவ்வொரு கோடைமழைக்கும் ஊரில் எங்காவது மரம் சாய்கிறது. அதற்குப் பயந்து கிளைகளைக் கண்டபடி கழிப்பதும் வழக்கமாகிவிட்டது. ஆகவே, எப்படி வெட்டினால் மரம் தாங்கும் என்பதை விளக்கும் நான்கு பக்கக் கையேடு ஒன்றை அவர்களுக்காகத் தமிழில் எழுதத் தொடங்கினேன். இந்தச் சொல் எனக்குத் தேவைப்பட்டது அங்கேதான்.

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பார்ப்போம். நம் உடலில் புண் ஆறுகிறது என்றால், அழிந்த இடத்திலேயே புதுத் திசு வளர்ந்து அதை ஈடுசெய்கிறது. மரத்துக்கு அந்த வசதி இல்லை. கட்டையாகிவிட்ட திசுவை அது மீண்டும் உண்டாக்குவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதுக் கட்டையை வளர்த்துக்கொண்டு போகிறது. எனவே மரத்தைப் பொறுத்தவரை ‘காயம் ஆறியது’ என்பதே தவறான பேச்சு. மேலே பட்டை மூடித் தழும்பாகத் தெரியும் இடத்துக்கு உள்ளே அழுகல் அப்படியே இருக்கலாம்.

இதை வகுத்துச் சொன்னவர் அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய ஆலெக்ஸ் ஷைகோ. ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலி ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, அழுகல் எப்படிப் பரவுகிறது, எங்கே நிற்கிறது என்பதைப் படித்து, அவர் 1977இல் வெளியிட்ட விளக்கத்தில் நான்கு சுவர்கள் வருகின்றன. நீரேற்றும் சைலக்குழாய்கள் காயத்துக்கு மேலும் கீழும் பிசினாலும் டைலோஸ்களாலும் (பக்கத்துச் செல்கள் குழாய்க்குள் உப்பி நுழையும் புடைப்புகள்) அடைபடுவது முதலாவது. அழுகல் மேலும் கீழும் ஓடாமல் தடுக்க வேண்டிய இந்த அடைப்புதான் நான்கிலும் வலுக்குறைந்தது, அதனால்தான் அழுகல் நீளவாக்கில் அதிகம் ஓடுகிறது. ஆண்டு வளையத்தின் அடர்ந்த விளிம்பு உள்நோக்கிப் போவதைத் தடுப்பது இரண்டாவது. நடுவிலிருந்து ஆரக்கால் போல் ஓடும் கதிர்கள் பக்கவாட்டில் பரவுவதைத் தடுப்பது மூன்றாவது. இந்த மூன்றும் காயம் படும்போது ஏற்கெனவே இருக்கும் கட்டைக்குள் நிகழ்பவை. நான்காவது மட்டும் காயம் பட்ட பிறகு கேம்பியம் (பட்டைக்கும் கட்டைக்கும் இடையே புதுத் திசுவை வளர்க்கும் மெல்லிய படலம்) புதிதாக உண்டாக்கும் அடுக்கு. பழைய கட்டையையும் இனி வளரப்போகும் கட்டையையும் பிரிக்கும் அந்த அடுக்குதான் கிருமிகளுக்கு எதிராக மிக வலுவானது. பொந்து விழுந்த ஆலும் புளியும் பல தலைமுறை தழைத்து நிற்பது இதனால்தான். நான்காம் சுவர் உடையாதவரை, அந்தப் பொந்தின் அகலம் காயம் பட்ட நாளில் அந்த மரம் எவ்வளவு பருமனாக இருந்ததோ அதைத் தாண்டுவதில்லை.

இப்போது ‘அறைப்படுத்தல்’ என்பதை இதன் மேல் வைத்துப் பாருங்கள். அறை என்றால் நான்கு பக்கம் சுவரும் நடுவில் வெற்றிடமும்தான் நம் மனத்தில் வருகின்றன. எங்கள் தோட்டக்காரர் ஒருவரிடம் “அடிபட்ட மரம் உள்ளே அறைப்படுத்திக்கொள்ளும்” என்று படித்துக் காட்டினேன். அவர் தலையசைத்து, “ஆமாங்க ஐயா, உள்ள பொந்து விழுந்துடும்” என்றார். மரம் தன்னைக் காத்துக்கொள்ளும் செயலைச் சொல்ல வந்த சொல், அது காக்கத் தவறியதன் அடையாளத்தைச் சொல்லிவிட்டது. கேட்டவர் மேல் பிழை இல்லை. மேலும், மரம் காயம் பட்ட பிறகு அறைகளைப் புதிதாகத் தடுக்கிறது என்ற எண்ணத்தையும் இச்சொல் தருகிறது. உண்மையில் வளையங்களாலும் கதிர்களாலும் கட்டை முன்பே தடுக்கப்பட்டுத்தான் இருக்கிறது.

எனக்குத் தோன்றிய உவமை வயல். வயல் முன்பே பாத்தியும் வரப்புமாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு வயலில் வேண்டாத நீர் புகுந்தால், உழவர் இருக்கும் வரப்பில் சேறு அப்பி உயர்த்துவார். அதுவும் போதாதென்றால் புதிதாக ஒரு கரை போடுவார். முதல் மூன்று சுவர்களும் நான்காம் சுவரும் வேறுபடுவது இப்படித்தான். ஆகவே ‘வரம்புகட்டல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். வரம்பு என்பது வரப்புக்கும் பெயர், எல்லைக்கும் பெயர். ‘வரம்பு கட்டுதல்’ என்ற வழக்கோ ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. உட்பிரிவுகளைக் குழாய் வரம்பு, வளைய வரம்பு, கதிர் வரம்பு என்றும், நான்காவதை மட்டும் வேறுபடுத்திப் ‘புதுக்கரை’ என்றும் சொல்லலாம்.

உவமை இன்னும் ஓரடி தூரம் வருகிறது. வரம்பு கட்டக் கூலி வேண்டும். மரத்துக்கு அது சாற்றுக்கட்டையின் (நீர் ஏறும் வெளிப்புறக் கட்டை) உயிருள்ள செல்களில் சேமித்திருக்கும் மாவுச்சத்து. தொடர்ந்து வறட்சியில் வாடிய மரத்திலும், ஆண்டுதோறும் மொட்டையடிக்கப்பட்ட மரத்திலும், வேரைச் சுற்றிக் கான்கிரீட் போடப்பட்ட மரத்திலும் அந்தச் சேமிப்பு குறைவதால், அதே அளவு காயத்துக்கு அது கட்டும் வரம்பு வலுவிழந்து போகிறது. சில வேளைகளில் வரம்பே கேடாகவும் முடியும். எல்ம் மரங்களைத் தாக்கும் டச்சு எல்ம் நோயில் பூஞ்சை நீர்க்குழாய்களுக்குள்ளேயே பரவ, அதைத் தடுக்க மரம் அக்குழாய்களை அடைக்கிறது. அடைப்பு மிகுந்து இலைகளுக்கு நீர் ஏறாமல் மரம் வாடிச் சாகிறது. தன் வயலுக்கு வரும் வாய்க்காலையே மறித்துக் கரை போட்டவன் நிலைதான் அது.

தென்னை, பனை பற்றியும் ஒரு சொல். அவற்றில் இந்த ஏற்பாடு கிடையாது. தண்டைப் பருக்கவைக்கும் கேம்பியம் அவற்றுக்கு இல்லாததால், ஏறுவதற்காகத் தென்னையில் வெட்டிய படிகள் அது பட்டுப்போகும்வரை மூடுவதில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் புறக்காழ் (வெளிப்புறத்தில் வைரம்) உடையவற்றைப் புல் என்றும் அகக்காழ் (உள்ளே வைரம்) உடையவற்றை மரம் என்றும் பிரித்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கையேட்டில் இந்த இடத்துக்கு ‘புல்லினத்துக்கு வரம்பு இல்லை’ என்று எழுதி, யாருக்கும் விளங்காது என்று அடித்துவிட்டேன்.

அன்புடன்,
மல்லேசுவரத்திலிருந்து

* * *

மீண்டும் குழுமத்தாருக்கு வணக்கம்.

என் மடலுக்கு வந்த மறுமொழிகளுக்கு நன்றி. வரம்பு என்பது ஏட்டுச் சொல் அல்லவா என்று கேட்டவருக்கு மட்டக்களப்பு நண்பரே விடை சொல்லிவிட்டார்: அங்கே வயலின் நடுவே நடப்பதே வரம்பில்தான், வரப்பில் அல்ல.

தாவரவியல் ஆசிரியர் ஐயா எழுப்பிய தடை கனமானது. கணக்கிலும் இயற்பியலிலும் ‘வரம்பு’ ஏற்கெனவே வேறொரு பொருளில் நிலைத்திருக்கிறது என்கிறார். உண்மைதான், ஆனால் ‘கட்டல்’ என்ற வினை சேர்ந்தவுடன் அந்தக் குழப்பம் பெரிதும் தீர்ந்துவிடுவதாக எனக்குப் படுகிறது. ‘குழாய் வரம்பு’ என்பதில் அந்தக் காப்பு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே ‘குழாயடைப்பு’ என்றே எழுதிவிடலாம்.

தஞ்சாவூர் அம்மா சொன்ன ‘அண்டை கட்டுதல்’ என்னை இரண்டு நாள் விடவில்லை. இருக்கும் வரப்பின் பக்கத்தைச் செதுக்கிச் சேறு பூசி நீர் கசியாமல் செய்வதற்கு அதைவிடத் துல்லியமான சொல் கிடையாது. வளையத்திலும் கதிரிலும் மரம் செய்வது அச்சு அசலாக அதுவே. ஆனால் எங்கள் தோட்டக்காரர்களிடம் கேட்டபோது, அண்டை வீட்டைத்தான் நினைத்தார்கள். மனமில்லாமல்தான் தள்ளிவைக்கிறேன், விளக்கவுரையில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

ஷைகோவின் கொள்கைக்கு ஆங்கிலத்தில் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘கோடிட்’ என்று வழங்கும் பெயரைக் கண்டு, ‘கோடிடல்’ என்றே வைத்துவிடலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். கோடு என்பதற்கு மரக்கிளை, குளக்கரை, வரை என்று பல பொருள்கள் உண்டென்பதால் எனக்கும் நாவூறியது. ஆயினும் இன்று அதைப் படிப்பவர் மரத்தில் சுண்ணாம்பால் கோடு போடுவதாகத்தான் எண்ணுவார்.

ஒரு திருத்தம். புதுக்கரை கிருமிகளுக்கு எதிராக மிக வலுவானது என்று மட்டும் நான் எழுதி நிறுத்தியது முழுமையன்று. கிருமியைத் தடுப்பதில்தான் அது வலுவானது. பாரம் தாங்குவதில் அது மெலிந்த இடம், வளையத்தை ஒட்டிக் கட்டை பிளப்பது பல வேளைகளில் அந்த அடுக்கிலிருந்தே தொடங்குகிறது. ஆகவே ‘அரண்’ என்ற மாற்றுச் சொல்லை நான் ஆதரிக்கவில்லை, அது எல்லா வகையிலும் உறுதி என்ற எண்ணத்தைத் தந்துவிடும்.

கையேட்டின் வாசகத்தை இப்போதைக்கு இவ்வாறு அமைத்திருக்கிறேன்: ‘கிளையைத் தண்டோடு ஒட்ட வழித்து வெட்டக் கூடாது. கிளையடியில் மோதிரம் போல் புடைத்திருக்கும் பகுதியை விட்டு வெட்டினால் மரம் எளிதில் வரம்பு கட்டும். பொந்தைச் சுரண்டிச் சிமென்ட் அடைத்தால், கட்டிய வரம்பு உடைந்து அழுகல் நல்ல கட்டைக்குள் போகும். வெட்டிய இடத்தில் தார் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை.’

‘மோதிரம் போல் புடைத்திருக்கும் பகுதி’ என்று நீட்டியதற்கு ஒரே சொல் வேண்டும். நான் ‘கிளைக்காறை’ என்று யோசித்தேன், கழுத்தில் அணியும் காறையை எண்ணி. தோட்டக்காரர்கள் ‘முண்டு’ என்கிறார்கள். ஆனால் கிளை ஒடிந்து பழுத்த இடத்தையும் அவர்கள் முண்டு என்றே சொல்வதால் தயங்குகிறேன். கொங்குப் பக்கத்திலோ நெல்லையிலோ இந்தப் புடைப்புக்குத் தனிப்பெயர் இருந்தால் தெரிவியுங்கள். கையேடு இம்மாத இறுதியில் அச்சுக்குப் போகிறது.