பிளாட்டினம்-கார்பன் வினையூக்கி: இழப்பு எதனால் என்று பிரிப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. எரிபொருள் கலத்தின் (ஹைட்ரஜன் போன்ற எரிபொருளிலிருந்து நேரடியாக மின்சாரம் தரும் கருவி) கேதோடுக்கான, அதாவது ஆக்சிஜன் வினைபுரியும் மின்முனைக்கான, பிளாட்டினம்-கார்பன் வினையூக்கியின் ஆயுளைச் சோதித்து வருகிறேன். பிளாட்டினத் துகள்களின் தாங்கியாக வல்கன் கார்பன் (ஒரு வகைக் கார்பன் தூள்), மின்பகுளியாக 0.1 மோலார் பெர்குளோரிக் அமிலம்.

மின்னழுத்தத்தை 0.6 முதல் 0.95 வோல்ட் வரை ஏற்றி இறக்கி 30,000 சுழற்சி ஓட்டினால் பிளாட்டினத்தின் செயல்படும் பரப்பு குறைகிறது. அது புரிகிறது: சிறு துகள்கள் கரைந்து பெரியவற்றின் மேல் படிகின்றன. 1.0 முதல் 1.5 வோல்ட் வரை ஓட்டும்போதுதான் குழப்பம். பரப்பும் குறைகிறது, கூடவே மின்னோட்ட-மின்னழுத்த வரைபடத்தில் 0.6 வோல்ட் அருகே புதிதாக ஒரு முகடு வளர்கிறது. கார்பன் ஆக்சிஜனேற்றமாகி மேற்பரப்பில் ஆக்சிஜன் கொண்ட குயினோன் தொகுதிகள் உருவாவதன் அடையாளம் அது என்றே நினைக்கிறேன். ஆனால் பரப்பு இழப்பில் கரைதலின் பங்கு எவ்வளவு, கார்பன் அரித்துத் துகள் கழன்றதன் பங்கு எவ்வளவு?

ஒரே இடத்தை முன்னும் பின்னும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கும் வசதி எனக்கு இல்லை. மின்பகுளியை நுண்வடிகட்டியில் வடித்து, வடிந்ததையும் (கரைந்த பிளாட்டினம்) தங்கியதையும் (கழன்ற துகள்கள்) தனித்தனியே ஐசிபி-எம்எஸ் கருவியில் (மிக நுண்ணிய அளவு உலோகத்தையும் அளக்கும் நிறமாலைமானி) அளந்தால் நம்பலாமா? கரைந்தது எதிர்முனையில் (சுற்றை நிறைவு செய்யும் மற்ற மின்முனை) படிந்துவிடுமே என்ற கவலையும் இருக்கிறது.

அப்புறம், கிராஃபைட்டாக்கிய கார்பன் அரிப்பை நன்றாகத் தாங்கும், ஆனால் துகள்களைப் பிடித்து வைக்கும் இடங்கள் அதில் குறைவு. அதில் பிளாட்டினத்தைச் சீராகப் பரப்பியவர்கள் என்ன முறை கையாண்டீர்கள் என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.